எக்ஸ்ரேவைப் போட்டோவாக வாங்காதீர்கள், கோப்பாக வாங்குங்கள்

கேள்வி: ரூட் கெனால் பாதியில் இருக்கும்போது வேறு பல் மருத்துவரிடம் மாற வேண்டியதாகிவிட்டது. பழைய கிளினிக்கில் எக்ஸ்ரேவை வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தார்கள். புதிய டாக்டர் அதைப் பார்த்துவிட்டு மறுபடியும் எடுக்கணும் என்கிறார். காசு பிடுங்கத்தான் இப்படிச் சொல்கிறாரா?

பதில்: அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். உங்கள் கைக்கு வந்தது எக்ஸ்ரே இல்லை, எக்ஸ்ரேவின் போட்டோ. கணினித் திரையை ஃபோனில் படம் பிடித்திருப்பார்கள், இல்லாவிட்டால் ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பார்கள். அதை வாட்ஸ்அப் இன்னொரு தடவை சுருக்கியிருக்கும். எக்ஸ்ரேவைப் பதிவு செய்யும் 12 பிட் சென்சார் ஒன்று கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் 4096 படிகளைப் பதிவு செய்யும், நாம் அனுப்பிக்கொள்ளும் சாதாரண ஜேபெக் படத்தில் இருப்பது 256 தான். வேர் நுனியில் எலும்பு லேசாகக் கரைந்திருக்கிறதா, இரண்டு பல்லுக்கு நடுவில் சொத்தை ஆரம்பித்திருக்கிறதா என்பதெல்லாம் இந்த நுணுக்கமான சாம்பல் வித்தியாசத்தில்தான் தெரியும். அது போய்விட்டால் டாக்டர் எதை வைத்துச் சொல்வார்? போதாக்குறைக்கு அந்தப் போட்டோவில் யாருடைய பல், எந்தத் தேதி, வலதா இடதா என்று எதுவுமே இருக்காது. படம் இடவலமாகத் திரும்பியிருந்தால்கூடக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

பழைய கிளினிக்குக்கு ஃபோன் போட்டு, 'படத்தை டைகாம் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து கொடுங்கள்' என்று அந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள். டைகாம் என்பது மருத்துவப் படங்களுக்கான பொதுக் கோப்பு வடிவம். அவர்களுடைய மென்பொருளில் அது வராது என்றால், முழு அளவில், சுருக்காத படமாக, எடுத்த தேதியும் பல் எண்ணும் எழுதி வாங்குங்கள். வாட்ஸ்அப்பில்தான் அனுப்புவோம் என்றால் போட்டோவாக வேண்டாம், டாகுமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், அப்படி அனுப்பினால் சுருங்காது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ரூட் கெனால் நடுவில் வேரின் நீளம் பார்க்கவும் அடைத்த பிறகு சரிபார்க்கவும் புதுப்படம் எடுப்பது வழக்கம், அதை வீண் செலவு என்று நினைக்காதீர்கள். நான் வேண்டாம் என்பது, ஏற்கெனவே ஒழுங்காக எடுத்த படம் வந்து சேராததால் மட்டும் மறுபடி எடுப்பதைத்தான். ஒரு பல்லுக்கான கதிர்வீச்சு மிகச் சிறியதுதான், ஆனாலும் தேவையில்லாமல் எதற்கு?

கேள்வி: டைகாம் டைகாம் என்கிறார்களே, அது ஒரு கம்பெனியா?

பதில்: இல்லை, மருத்துவப் படங்களுக்கான பொது விதிமுறை. கதிரியக்க மருத்துவர்களின் அமெரிக்க அமைப்பும் மின்கருவித் தயாரிப்பாளர்களின் சங்கமும் சேர்ந்து 1985-இல் முதல் வடிவத்தை வெளியிட்டன, 1993-இல் டைகாம் என்ற பெயர் வந்தது. ஐஎஸ்ஓ 12052 என்ற உலகத் தர எண்ணும் இதற்குரியதுதான்.

ஒரு தடவை எனக்குக் கிடைத்த டைகாம் கோப்பு ஒன்றைச் சும்மா நோட்பேடில் திறந்து பார்த்தேன். முதல் 128 பைட் வெறுமை, அதற்கடுத்து டி, ஐ, சி, எம் என்று நான்கு எழுத்து. அப்புறம் புரியாத குறிகள், அவற்றுக்கு நடுவே நோயாளியின் பெயர், பிறந்த தேதி, படம் எடுத்த நாள், கருவி செய்த நிறுவனத்தின் பெயர் எல்லாம் சாதாரண எழுத்திலேயே கிடந்தன. படமும் அது யாருடையது என்ற தகவலும் ஒரே கோப்புக்குள் இருக்கும், தானாகப் பிரிந்து தொலைந்துபோகாது. எனக்கு இதன் மேல் இவ்வளவு மதிப்பு வந்ததற்குக் காரணமே அதுதான்.

கேள்வி: நான் பல் மருத்துவர், சொந்தமாக கிளினிக் தொடங்குகிறேன். சென்சாரும் மென்பொருளும் விற்கிறவர் 'டைகாம் இருக்கு சார்' என்கிறார். அது போதுமா?

பதில்: போதாது டாக்டர். அந்த வார்த்தைக்குள் பல விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன, பணம் கட்டுவதற்கு முன்னால் ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

முதலில் 'டைகாம் கன்ஃபார்மன்ஸ் ஸ்டேட்மென்ட்' என்ற ஆவணம். எந்த வகைப் படத்தை அனுப்பும், எதை வாங்கும், எந்தச் சேவையை ஆதரிக்கும் என்று தயாரிப்பாளர் எழுதித் தருவது அது. வாய்க்குள் எடுக்கும் படத்துக்கென்றே டைகாமில் தனி வகை உண்டு. அதை விட்டுவிட்டு, திரையில் தெரிகிறதை அப்படியே பிடித்து டைகாம் உறையில் போட்டுக் கொடுக்கும் மென்பொருள்களும் இருக்கின்றன, 'செகண்டரி கேப்சர்' என்பார்கள். பெயருக்கு டைகாம்தான், ஆனால் ஒரு புள்ளி எத்தனை மில்லிமீட்டர் என்ற கணக்கு அதில் போய்விடலாம், போய்விட்டால் அடுத்த டாக்டர் அளவு எடுக்க முடியாது.

அடுத்து, எக்ஸ்போர்ட் வசதி விலைக்குள் அடக்கமா, தனி லைசென்ஸா? படங்களை ஒவ்வொன்றாகத்தான் வெளியே எடுக்க முடியுமா, எல்லா நோயாளிகளுடையதையும் மொத்தமாக எடுக்கலாமா? நாளைக்கே வேறு மென்பொருளுக்கு மாறினால் பல வருடப் படங்கள் உள்ளே மாட்டிக்கொள்ளும், இதை முன்கூட்டியே யோசிக்காதவர்கள் பின்னால் ரொம்பச் சிரமப்படுகிறார்கள். வெளியிலிருந்து வரும் கோப்பை உங்கள் மென்பொருள் வாங்குமா என்பதும் அதே அளவு முக்கியம், ஏனென்றால் அந்த கிளினிக்கின் நோயாளி எண் வேறு, உங்களுடையது வேறு, இரண்டையும் இணைக்க வழி இருக்க வேண்டும்.

பல் எண்ணையும் விட்டுவிடாதீர்கள். உலகின் பல நாடுகள் பின்பற்றும் எஃப்டிஐ (உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பு) முறையில் 11 என்றால் மேல்வரிசை வலது நடு முன்பல், அமெரிக்க முறையில் அதே 11 மேல்வரிசை இடது கோரைப்பல். படத்தின் மேல் வெறும் எண்ணை எழுதி அனுப்பினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். டைகாமில் எந்தப் பல் என்பதைப் பொதுக் குறியீடாகவே பதிக்கலாம். விற்பவரின் மென்பொருள் அதை நிரப்புகிறதா, காலியாக விடுகிறதா?

இவை எல்லாவற்றையும்விட நான் நம்புவது ஒரு சோதனையைத்தான். டெமோ காட்ட வரும்போது ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள், பென்டிரைவில் டைகாமாகப் போடச் சொல்லுங்கள், அதை வீசிஸ் போன்ற இலவச வியூவரில் (படம் பார்க்கும் மென்பொருளில்), வேறொரு கணினியில் நீங்களே திறந்து பாருங்கள். பெயர், தேதி, அளவு மூன்றும் சரியாக வந்தால் மேலே பேசலாம். 'அதெல்லாம் இன்ஸ்டாலேஷன் முடிந்த பிறகு பார்த்துக்கலாம்' என்று சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: இம்ப்ளான்ட் வைக்க சிபிசிடி ஸ்கேன் எடுத்தேன். கையில் இரண்டு பக்கம் பிரின்ட் மட்டும் கொடுத்தார்கள். இரண்டாவது டாக்டரிடம் கருத்துக் கேட்க இது போதுமா?

பதில்: போதாது. சிபிசிடி என்பது தாடையின் முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேன், நூற்றுக்கணக்கான வெட்டுப்படங்கள் சேர்ந்தது, பிரின்ட்டில் இருப்பது அவர்கள் பொறுக்கிக் கொடுத்த சில. எலும்பு எவ்வளவு அகலம், நரம்பு எங்கே ஓடுகிறது என்பதை இரண்டாவது டாக்டர் தானே சுழற்றிப் பார்க்க வேண்டும். முழு ஃபோல்டரையும் கேளுங்கள். சிடியில் கொடுத்தால், கூடவே வரும் வியூவர் உங்கள் கணினியில் ஓடாமல் போகலாம், அது பரவாயில்லை, படங்கள் டைகாமாக இருந்தால் 3டி ஸ்லைசர் மாதிரி இலவச மென்பொருளிலும் திறக்கும். வீட்டுக்குப் போனதும் இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள், சிடியில் கீறல் விழ அதிக நாள் ஆகாது.

கேள்வி: இந்தக் கோப்பை அப்படியே மெயிலில் அனுப்பலாமா?

பதில்: உள்ளே பெயரும் பிறந்த தேதியும் இருக்கிறது என்று மேலே சொன்னேன் அல்லவா, கோப்பின் பெயரை மாற்றினாலும் அவை உள்ளேயே இருக்கும். டாக்டருக்கு அனுப்புவதென்றால் பாஸ்வேர்ட் போட்டுச் சுருக்கி அனுப்புங்கள், பாஸ்வேர்டை ஃபோனில் சொல்லுங்கள். வலைக் குழுக்களில் போட்டு யோசனை கேட்பதென்றால் முதலில் 'அனானிமைஸ்' வசதியுள்ள வியூவரில் அந்த விவரங்களை நீக்கிவிடுங்கள். டாக்டருக்கு அனுப்பும் பிரதியில் மட்டும் நீக்க வேண்டாம், படம் யாருடையது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.