இழை எடுத்தாச்சா? எழுத்து மட்டும் வைத்து ஒரு நோன்பு ஸ்டிக்கர்

கேள்வி: காரைக்குடியில் கல்லூரியில் படிக்கிறேன். பிள்ளையார் நோன்புக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப, படமே இல்லாமல் எழுத்தை மட்டும் வைத்து ஒரு ஸ்டிக்கர் செய்ய ஆசை. 'இனிய பிள்ளையார் நோன்பு நல்வாழ்த்துகள்' என்று எழுதி, பின்னால் ஆத்தங்குடி டைல்ஸ் டிசைன் வைத்தேன். கணினியில் அழகாக இருக்கிறது. அனுப்பினால் மங்கலாகத் தெரிகிறது. அப்பாவின் போனில் கருப்புப் பின்னணி என்பதால் எழுத்தே காணோம். எந்த ஃபான்ட், என்ன அளவு, எந்த மென்பொருள் என்று சொல்லுங்கள். இதை விற்கவும் முடியுமா?

பதில்: மங்கலையும் ஃபான்ட்டையும் அப்புறம் பார்ப்போம். முதலில் மாற்ற வேண்டியது வாசகம். வாழ்த்து அட்டையில் போடுகிற வரியை ஸ்டிக்கரில் போட்டிருக்கிறீர்கள். நான்கு சொல், 19 எழுத்து. வாட்ஸ்அப் உரையாடலில் ஒரு ஸ்டிக்கர் திரையின் அகலத்தில் பாதிகூட வராது. அதற்குள் இத்தனை எழுத்தை அடைத்து, பின்னால் டைல்ஸ் பூவும் வைத்தால் எந்த ஃபான்ட் வந்தாலும் காப்பாற்ற முடியாது.

ஸ்டிக்கர் என்பது பேச்சுக்கு நடுவே போடும் பதில். அதனால் நோன்பன்று ராத்திரி குடும்பக் குழுவில் எல்லோரும் என்ன தட்டச்சு செய்கிறார்கள் என்று போன வருஷச் செய்திகளைத் தேடிப் பாருங்கள். திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் கணக்கிட்டு, மார்கழியில் சஷ்டியும் சதயமும் கூடும் நாளில் நகரத்தார் வீடுகளில் 21 நூலைத் திரியாக்கி, இனிப்பு மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்கிறார்கள். இதைத்தான் இழை எடுப்பது என்கிறார்கள். அந்த இழையைப் பற்றித்தான் அன்றைக்குப் பேச்சு முழுவதும். சிங்கப்பூரில் இருக்கும் மகனிடம் காரைக்குடியிலிருந்து ஆச்சி கேட்பது 'இழை எடுத்தாச்சா?' என்றுதான். எட்டே எழுத்து. வெளியூர்க்காரருக்குப் புரியாதே என்று கவலைப்படாதீர்கள். அவர் அந்தக் குழுவில் இல்லை.

வாட்ஸ்அப்பில் தொகுப்பாக வெளியிட வேண்டுமென்றால் குறைந்தது 3 ஸ்டிக்கர் தேவை, அதிகபட்சம் 30. மூன்றே போதும். கேள்விக்கு ஒன்று, 'எடுத்தாச்சு' என்ற பதிலுக்கு ஒன்று, ஊருக்கு வர முடியாமல் நோன்புப் பொரிக்கு ஏங்குகிறவர்களுக்கு 'பொரி எங்கே?' என்று ஒன்று. இந்த மூன்றாவதுதான் அதிகம் சுற்றும் என்பது என் கணிப்பு.

இனி எழுத்து. ஸ்டிக்கரின் களம் சதுரம். எட்டு எழுத்தை ஒரே வரியில் நீட்டினால் மேலும் கீழும் வெற்றிடமாகப் போய், எழுத்து சிறுத்துவிடும். மேலே 'இழை' பெரிதாக, கீழே 'எடுத்தாச்சா?' அதே அகலத்துக்கு. இப்படி அடுக்கியதும் ஒரு சிக்கல் வரும். ழ-வின் கால் கீழ் வரிக்குள் இறங்கும். கீழ் வரியில் த், ச் இரண்டுக்கும் தலையில் புள்ளி. கால் புள்ளியில் இடித்தால் அது என்ன எழுத்து என்றே தெரியாது. வரிகளை விலக்கிவைத்துத் தப்பிக்கலாம்தான், ஆனால் எல்லாம் சின்னதாகிவிடும். அதைவிட, கீழ் வரியை நன்றாகப் பாருங்கள். த், ச் இரண்டுக்கும் நடுவே நிற்பது தா. அதற்குப் புள்ளி கிடையாது. மேல் வரியைக் கொஞ்சம் இடமோ வலமோ நகர்த்தி, ழ-வின் கால் சரியாக அந்த தா-வின் தலைக்கு மேலே இறங்கும்படி வையுங்கள். இரண்டு வரியும் பூட்டிக்கொண்டதுபோல் உட்காரும். தமிழில் எழுத்து வடிவமைப்பு என்றாலே பாதி வேலை, கால்களுக்கும் புள்ளிகளுக்கும் இடம் பிடித்துக் கொடுப்பதுதான்.

அந்தக் காலையே திரியாக்கி நுனியில் சுடர் வைக்கலாம். 21 நூலையும் வரைந்துகாட்ட வேண்டாம். அந்த அளவில் அது அழுக்காகத்தான் தெரியும். திரியின் முறுக்குக்கு மூன்று கோடு போதும். சுடர் ஒன்றே ஒன்று. இரண்டு புள்ளிகளையும் சுடராக்கும் ஆசை வரும், விட்டுவிடுங்கள். புள்ளி புள்ளியாக இருந்தால்தான் மெய் மெய்யாகப் படிக்கப்படும்.

டைல்ஸை எடுத்துவிடச் சொல்கிறேன். செட்டிநாடு என்றாலே நிலைக்கதவு, தூண், ஆத்தங்குடித் தரை என்று எல்லோரும் அதையேதான் ஒட்டுகிறார்கள். நீங்கள் எழுத்து ஸ்டிக்கர் செய்கிறவர். உங்கள் ஊரில் எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். வீட்டில் சாமான் அறை இருந்தால் திறந்து, சீதனப் பாத்திரங்களின் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். குடும்ப விலாசத்தை, அதாவது பாட்டன் பூட்டன் பெயர்களின் முதலெழுத்துகளை, உளியால் தட்டி வெட்டியிருப்பார்கள். சின்னச் சின்னக் குத்துகள் சேர்ந்து எழுத்தாகியிருக்கும். கோட்டுக்கு ஒரே தடிமன், வளைவெல்லாம் கொஞ்சம் கோணலாக, நெருக்கமில்லாமல். இடம் குறைவான விளிம்பில் தூரத்திலிருந்து படிக்க வேண்டிய எழுத்து அது. ஸ்டிக்கருக்கும் அதே தேவைதான். அந்தக் குத்துகளைப் பிரதி எடுக்க வேண்டாம், சிறிய அளவில் அவை தெரியாது. எழுத்தின் எலும்புக்கூட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரே தடிமன், அகலமான வயிறு.

வயிறு என்று சொன்னது எழுத்துக்குள் அடைபடும் வெற்றிடத்தை. இ, ழ, டு, ச எல்லாவற்றிலும் சுழியும் வளையமும் இருக்கின்றன. தடித்த ஃபான்ட் எடுத்தால் முதலில் அடைபடுவது அவைதான். தைரியமாகத் தெரிய வேண்டும் என்று மாணவர்கள் இருப்பதிலேயே தடித்ததைத் தேர்ந்தெடுப்பதைப் பார்க்கிறேன். அதற்கு ஒரு படி கீழே இறங்கினால்தான் தமிழ் தெளிவாகப் படிக்கும்.

கையால் வரைய வராது என்றால் ஃபான்ட்டிலிருந்து தொடங்கலாம். கூகுள் ஃபான்ட்ஸில் தமிழுக்கு நல்ல இலவச எழுத்துருக்கள் இருக்கின்றன. அனெக் தமிழில் தடிமனையும் அகலத்தையும் நீங்களே கூட்டிக் குறைக்கலாம். இரண்டு வரியையும் ஒரே அகலத்துக்குக் கொண்டுவர அது கைகொடுக்கும். பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கட்டமரனில் மெல்லியதிலிருந்து மிகத் தடித்தது வரை ஒன்பது தடிமன்கள் உண்டு; உங்கள் வேலைக்கு நடுவில் ஒன்று பொருந்தும். பலூ தம்பி குண்டாக, விளையாட்டாக இருக்கும், 'பொரி எங்கே?' என்பதற்கு அது சரி. தாரிக் அசீஸின் கவிவாணர் அழகான சாய்ந்த கையெழுத்து, ஆனால் இந்த அளவுக்கு மெலிது. எது எடுத்தாலும் அப்படியே தட்டிவிட்டு நிறுத்தாதீர்கள். எழுத்தைத் திருத்தக்கூடிய கோட்டு வடிவமாக, அதாவது பாதையாக (path) மாற்றி, ழ-வின் காலை நீட்டி, புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக்கி, ஒட்டவேண்டியதை ஒட்டுங்கள்.

பழைய எழுத்தில் ஒரு விளையாட்டும் இருக்கிறது. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்து 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. அதற்கு முன் ணை, லை, ளை, னை நான்கும் தலையில் யானைத் துதிக்கை போன்ற ஒரு வளைவோடு எழுதப்பட்டன. பிள்ளையார் என்ற பெயரிலேயே ஒரு ளை இருக்கிறது. துதிக்கையுள்ள சாமிக்குத் துதிக்கையுள்ள எழுத்து! நான்காவதாக ஒரு ஸ்டிக்கர் செய்தால் 'பிள்ளையாரே!' என்று ஒற்றைச் சொல்லை அந்தப் பழைய ளை-யோடு வரையுங்கள். யூனிகோடில் இதற்குத் தனிக் குறியீடு இல்லை, வடிவம் ஃபான்ட்டைப் பொறுத்தது. பெரும்பாலான ஃபான்ட்டில் கிடைக்காது, கையால்தான் வரைய வேண்டும். அப்பத்தாவிடம் எழுதிக்காட்டச் சொல்லுங்கள், அல்லது வீட்டிலிருக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளைப் புரட்டுங்கள்.

மென்பொருளுக்கு வருவோம். கணினி கிடைத்தால் இங்க்ஸ்கேப். இலவசம், தமிழ் யூனிகோடு உடையாமல் வரும். போட்டோஷாப்பில் 'நோன்பு' என்று அடித்தால் இரட்டைக்கொம்பும் காலும் இடம் மாறி உடைந்து வருகிறதா? ஃபான்ட்டில் குறை இல்லை. பழைய பதிப்பு என்றால் விருப்ப அமைப்புகளில் டைப் என்ற பகுதிக்குப் போய், எழுத்து எஞ்சினை வேர்ல்டு-ரெடி லேஅவுட் என்று மாற்றிவிட்டுப் புதுக் கோப்பைத் திறவுங்கள். டி.டி.பி. கடையில் வாங்கிய பழைய ஃபான்ட்களைத் தொடவே வேண்டாம். அவற்றில் பல யூனிகோடுக்கு முந்தியவை, உரிமம் யாருடையது என்றும் தெரியாது. போன் மட்டும்தான் என்றால் ஐபிஸ் பெயிண்டில் விரலால் வரைந்து, பின்னணி இல்லாத பி.என்.ஜி.யாகச் சேமிக்கலாம்.

அளவுக் கணக்கு இதுதான். வாட்ஸ்அப்புக்கு 512-க்கு 512 பிக்சல், வெப்பி (WebP) கோப்பு, பின்னணி ஒளிபுகும்படி, அசையாத ஸ்டிக்கர் என்றால் 100 கே.பி.க்குள். நான்கு ஓரத்திலும் 16 பிக்சல் விட வேண்டும். தொகுப்பின் அடையாளப் படம் 96-க்கு 96 பிக்சல், 50 கே.பி.க்குள். தட்டையான இரண்டு மூன்று நிறம் என்றால் 100 கே.பி.யை நெருங்கவே மாட்டீர்கள். டெலிகிராமில் ஒரு பக்கம் சரியாக 512 இருந்தால் போதும், மற்றது குறையலாம். ஸ்டிக்கர்ஸ் என்ற அவர்களுடைய தானியங்கிக் கணக்குக்கு (bot) அனுப்பினால் அதுவே தொகுப்பாக்கித் தரும்.

உங்களுடையது மங்கியதற்கு வழக்கமான காரணம் ஒன்று உண்டு: திரையைப் படம் பிடித்து, ஜே.பி.ஜி.யாக்கி, அதை ஸ்டிக்கர் ஆப்பில் பெரிதாக்கி வெட்டுவது. ஜே.பி.ஜி.க்கு ஒளிபுகும் பின்னணியும் கிடையாது, எழுத்தின் ஓரத்தில் புழுதி படிந்தாற்போல் வேறு ஆகிவிடும். இங்க்ஸ்கேப்பிலிருந்து நேராக 512 பிக்சல் பி.என்.ஜி. எடுங்கள், ஜிம்ப் என்ற மென்பொருளில் திறந்து வெப்பியாக ஏற்றுமதி செய்யுங்கள். போனில் வரைகிறவர்கள் 2048 பிக்சலில் வரைந்து கடைசியில் ஒரே ஒரு முறை சுருக்க வேண்டும்.

அப்பாவின் போன் விவகாரம் இன்னும் எளிது. எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கரை வேண்டும். வாட்ஸ்அப்பே 8 பிக்சல் பரிந்துரைக்கிறது. எழுத்தைப் பாதையாக்கி, எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்து, அதற்கு ஒரு நகல் எடுத்துப் பின்னால் வையுங்கள். அந்த நகலுக்கு வெள்ளைக் கோடு 16 பிக்சல் கொடுங்கள், மூலை வளைவாக இருக்கட்டும். கோட்டில் பாதி உள்ளே போய்விடும் என்பதால் வெளியே தெரிவது 8-தான். புள்ளியின் கரையும் எழுத்தின் கரையும் ஒட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். ஒட்டாமல் நடுவே மயிரிழை இடைவெளி விழுந்தால் இருட்டுத் திரையில் அது விரிசல் மாதிரி தெரியும். புள்ளியைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள்.

நிறத்துக்கு கண்டாங்கிச் சேலை போதும்: அரக்கு, மஞ்சள், கருப்பு. ஆவாரம்பூ நோன்புக்கு உரியது என்று எழுத்தையே மஞ்சளாக்கினால் வெள்ளைக் கரையோடு கலந்து மறைந்துவிடும். எழுத்து அரக்கு, சுடர் மட்டும் மஞ்சள்.

முடித்ததும் படத்தை 96 பிக்சலுக்குச் சுருக்கிப் பாருங்கள். அதில் 'எடுத்தாச்சா' படிக்க முடிந்தால் எங்கும் படிக்கலாம். அப்புறம் உங்களுக்கே ஒரு முறை அனுப்பிக்கொண்டு, வெளிச்சத் திரை, இருட்டுத் திரை இரண்டிலும் திறந்து, கண்ணாடி போடாத அப்பத்தாவிடம் காட்டுங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் கேளுங்கள், அழகாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். பேத்தி செய்தது எல்லாமே அவருக்கு அழகுதான்.

வெளியிட, ஒன்றிரண்டு என்றால் வாட்ஸ்அப்பிலேயே இருக்கும் ஸ்டிக்கர் உருவாக்கும் வசதி போதும். தொகுப்பாக்க ஸ்டிக்கர் மேக்கர் போன்ற ஆப். நோன்புக்கு ஒரு வாரம் முன்னதாகவே குழுவில் விட்டுவிடுங்கள். அன்றைக்கு மாலை விட்டால் எல்லோரும் மாவு பிசைந்துகொண்டிருப்பார்கள்.

விற்பது பற்றி: வாட்ஸ்அப்பில் ஸ்டிக்கருக்கு விலை வைக்கும் கடை கிடையாது. ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ் என்ற திறந்த உரிமம் உள்ள எழுத்துருவில் செய்த படத்துக்குக் காசு வாங்கத் தடை இல்லை; ஃபான்ட்டை மட்டும் தனியாக விற்கக் கூடாது. உங்கள் ஊரில் பணம் கிடைக்கக்கூடிய இடம் கல்யாணமும் சஷ்டியப்தபூர்த்தியும். மணமக்கள் பெயர், வீட்டு விலாசம், 'வாங்க வாங்க', 'சாப்பிட்டாச்சா?' என்று ஒரு குடும்பத்துக்கு மட்டும் ஒரு தொகுப்பு செய்து கொடுக்கலாம். வரைந்த மூலக் கோப்பைக் கையை விட்டு விடாதீர்கள், ஸ்டிக்கர் கோப்பை மட்டும் கொடுங்கள். போட்டிக்கு அனுப்புவதாக இருந்தால் விதிமுறையில் உரிமை பற்றிய பத்தியை முதலில் படியுங்கள். தோற்ற படைப்புகளின் உரிமையையும் சேர்த்து எழுதி வாங்கிக்கொள்ளும் போட்டி என்றால் இந்த ஸ்டிக்கரை அனுப்பாமல், அதற்கென்று வேறு ஒன்று செய்து அனுப்புங்கள்.