வேலை மாறிய வருடம், இரண்டு படிவம் 16

கடலூர் சிப்காட்டிலிருந்து அக்டோபரில் புதுச்சேரி கம்பெனிக்கு மாறினேன், இரண்டு இடத்திலும் வரி பிடித்தும் வருமான வரித் தளம் இன்னும் 40,000 ரூபாய் கட்டச் சொல்கிறதே என்று கேட்டிருந்தீர்கள். பதற வேண்டாம். பழைய சம்பளத்தைப் புது இடத்தில் சொல்லியிருக்க மாட்டீர்கள். அதனால் புதிய வரி முறையின் 75,000 ரூபாய் நிலைக்கழிவு (சம்பளத்திலிருந்து நேராகக் கழிக்கும் தொகை), வரியில்லாத முதல் அடுக்கு எல்லாவற்றையும் இரண்டு கம்பெனியுமே தனித்தனியாகக் கழித்திருப்பார்கள். வருடத்துக்கு ஒருமுறைதான் அது. எனக்கும் இதேதான் நடந்தது.

ஒரு படிவம் 16-ஐ (கம்பெனி தரும் வரிப்பிடித்தச் சான்று) மட்டும் காட்டிக் கணக்குத் தாக்கல் செய்துவிடாதீர்கள், 26ஏஎஸ்-இல் (உங்கள் பேரில் பிடித்த வரியின் பட்டியல்) இரண்டும் தெரியும். முதலில் அதோடு இரண்டு படிவங்களையும் ஒத்துப் பாருங்கள். அப்புறம் பாக்கியைச் சுயமதிப்பீட்டு வரியாக வருமான வரித் தளத்திலேயே கட்டி, செலான் எண்ணை வருமான வரிக் கணக்குப் படிவத்தில் சேருங்கள். பாக்கி 10,000 ரூபாயைத் தாண்டுவதால் ஏப்ரலிலிருந்து மாதம் 1% வட்டி ஏறுகிறது, ஜூலை கடைசி வரை காத்திருக்காதீர்கள்.