வேலூர் கோட்டையில் பேய் பார்க்கப் போகலாமா?

கேள்வி: மகனைப் பார்க்க அமெரிக்கா போயிருந்தபோது கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் ஜென்னி வேட் வீடு என்ற பழைய வீட்டுக்குக் கூட்டிப்போனான். பேய் உலவும் வீடாம். டிக்கெட் வாங்கி, இருட்டில் சுற்றிப் பார்த்தோம், உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நம் வேலூர் கோட்டையிலும் திப்பு மகால் பக்கம் நள்ளிரவில் குதிரைக் குளம்பொலியும் அழுகையும் கேட்கும் என்று சொல்வார்கள். இங்கேயும் அப்படி ஒரு இரவுச் சுற்றுலா வைத்தால் ஊருக்கு வருமானம் வருமே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், காட்பாடி

பதில்: வேண்டாம் ஐயா. பேய் உண்டா இல்லையா என்ற வழக்குக்கே நான் வரவில்லை. நீங்கள் சொல்லும் அந்தக் குளம்பொலியை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

1806 ஜூலை 10 அன்று கோட்டைக்குள் கிழக்கிந்தியக் கும்பினிப் படையின் இந்தியச் சிப்பாய்கள் வெள்ளைக்காரர்களை எதிர்த்து எழுந்தது விடிவதற்கு வெகு முன்னால். தூங்கிக்கொண்டிருந்த 69வது படைப்பிரிவு வெள்ளைக்காரச் சிப்பாய்களைக் கொட்டடியிலேயே சுட்டார்கள், ஆஸ்பத்திரியில் நோயோடு படுத்திருந்தவர்களையும் விடவில்லை, கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் செத்தார், மைசூரின் புலிக்கொடி ஏறியது. ஆனால் குதிரைகள் வந்தது அப்போது இல்லை. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்தபோது நன்றாக விடிந்துவிட்டது. கதவைப் பீரங்கியால் உடைத்து உள்ளே புகுந்தார்கள். மகாலுக்குள் ஒளிந்திருந்த சுமார் நூறு சிப்பாய்களை வெளியே இழுத்துவந்து, சுவரோரம் நிறுத்தி, பீரங்கியில் சிதறுகுண்டு போட்டுச் சுட்டார்கள், கடைசி ஆள் விழும்வரை. பட்டப்பகலில், ஒரு அதிகாரியின் உத்தரவின்பேரில் நடந்தது. அங்கிருந்த ஆங்கிலேய அதிகாரி ஒருவரே பின்னால் எழுதிவைத்த விஷயம் இது. இதைக் கொண்டுபோய் நள்ளிரவில், யாரென்று தெரியாத ஒரு அழுகுரலாக மாற்றிவிட்டால், சுட்டவனும் மறைந்துபோகிறான், செத்தவனும் மறைந்துபோகிறான். எனக்குக் கோபம் வருவது இதில்தான்.

ஏன் எழுந்தார்கள் என்பதையும் பேய்க்கதை சொல்லாது. 1805 நவம்பரில் ஒரு உத்தரவு வந்தது: நெற்றியில் குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை எடுக்க வேண்டும், மீசையை ஒரே அளவில் கத்தரிக்க வேண்டும், அப்புறம் தோல் வைத்த புதுத் தலைப்பாகை. மறுத்தவர்களில் ஒரு இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் கசையடி கொடுத்து வேலையை விட்டே துரத்தினார்கள். கோட்டைக்குள் சிறைபோல வைக்கப்பட்டிருந்த திப்புவின் பிள்ளைகளுக்கும் இதில் பங்கு உண்டு என்று கருதிய கும்பினி, அந்தக் குடும்பத்தையே கல்கத்தாவுக்கு அனுப்பியது. சென்னை கவர்னர் பெண்டிங்கும் தலைமைத் தளபதி கிரேடாக்கும் பதவியிழந்து ஊர் திரும்பினார்கள். பெண்டிங் பிறகு கவர்னர் ஜெனரலாகவே வந்துவிட்டார், அது வேறு விஷயம்.

கெட்டிஸ்பர்க்குக்கு வருவோம், அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையும் தெற்குப் படையும் மோதிய இடம். நீங்கள் பார்த்த வீடு ஜென்னியின் அக்கா வீடு. அக்காவுக்குக் குழந்தை பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. 1863 ஜூலை 3 காலையில் சமையலறையில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த ஜென்னியை, கதவுகளைத் துளைத்து வந்த ஒரு குண்டு கொன்றது. வயது 20. மூன்று நாள் சண்டையில் இரு தரப்பிலும் செத்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் எல்லாம் சேர்த்து ஐம்பதாயிரம் பேர் வரை. ஆனால் ஊர்மக்களில் நேரடியாகக் குண்டடிபட்டு இறந்தது அவள் ஒருத்திதான். இத்தனையும் இன்று நமக்குத் தெரிகிறது பாருங்கள். சண்டை முடிந்த அதே ஆண்டு நவம்பரில், வடக்குப் படையில் மாண்டவர்களுக்கான கல்லறைத் தோட்டத்துக்கு லிங்கன் வந்து பேசினார். எந்தப் படை எங்கே நின்றது என்று சொல்லும் நினைவுச் சின்னங்கள் மட்டும் அந்தக் களத்தில் 1,300க்கு மேல். பேய் டிக்கெட் எல்லாம் அதற்கு ரொம்பப் பின்னால் வந்தது. அங்கே இருட்டில் சிலிர்த்துவிட்டு வெளியே வருகிறவர் பத்து நிமிடம் நடந்தால் செத்தவர்களின் பெயர்களைக் கல்லில் படிக்கலாம்.

இங்கே? வெள்ளைக்காரர்கள் தரப்பில் 14 அதிகாரிகளும் 69வது படைப்பிரிவின் 115 பேரும் என்று கணக்கு இருக்கிறது. சிப்பாய்கள் எத்தனை பேர்? 350 என்று ஒரு கணக்கு, 800 என்று இன்னொன்று. ஜமேதார் ஷேக் காசிம் போன்ற சில தலைவர்களின் பெயர் தெரியும். சுவரோரம் விழுந்த அந்த நூறு பேரின் பெயரை ஒரு கல்லில் படிக்க முடியுமா நம்மால்? இதைச் செய்து முடிக்காமல் அவர்களைப் பேயாக்கி டிக்கெட் விற்கும் உரிமை நமக்கு வரவில்லை என்பது என் எண்ணம்.

சரி, போகவே வேண்டாம் என்கிறீர்களா என்று கேட்பீர்கள். கட்டாயம் போங்கள், காலையில் போங்கள். மகன் ஊருக்கு வரும்போது அவரையும் கூட்டிப்போங்கள். ஜலகண்டேசுவரர் கோயிலோடு திரும்பிவிடாமல் மகால்கள் இருக்கும் பக்கமும் நடந்து, இங்கேதான் நடந்தது என்று சொல்லுங்கள். மக்கான் பக்கத்துக் கலக நினைவுத் தூணில் கொஞ்ச நேரம் நில்லுங்கள், அன்றாடம் பஸ்ஸில் அதைக் கடந்து போகிற பலருக்கு அது எதற்கென்றே தெரியாது. பாலாற்றங்கரை முத்து மண்டபத்துக்கும் போகலாம். அது இலங்கையின் கண்டியை ஆண்ட கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் நினைவிடம், இதே கோட்டையில் கைதியாக இருந்து 1832இல் இறந்தவன். இரவில் பேய் வீடியோ எடுக்கிறேன் என்று அகழிப் பக்கம் சுவரேறும் பையன்கள் உங்கள் தெருவில் இருந்தால், ஆசிரியராக இருந்தவர் நீங்கள், கூப்பிட்டுக் கண்டியுங்கள். அது பாதுகாக்கப்பட்ட சின்னம், அகழியில் விழுந்தால் உயிர் போகும்.

இன்னொன்று. உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ, எங்கள் கொள்ளுத்தாத்தாவுக்குத் தாத்தா கோட்டைச் சண்டையில் போனார் என்று ஒரு பேச்சு வழிவழியாக வந்திருந்தால், பெயர், ஊர், யார் சொல்லிக் கேட்டது என்ற விவரத்தோடு எழுதி அனுப்புங்கள். சரிபார்த்து, வருகிற ஜூலை இதழில் பெயரோடு போடுகிறோம்.