ரேக் ஆளைத் தேடி வரும் குடோன்: வாசகர் கேள்வி–பதில்

ரேக்கின் அடியில் புகுந்து, அதையே பொருள் எடுக்கும் ஆளிடம் தூக்கி வரும் குடோன் ரோபோக்கள் பற்றி வந்த கடிதங்களில் எட்டுக்கு இந்த இதழில் பதில். விலையை மட்டும் கேட்டு எழுதியவர்கள் இரண்டாவது கேள்வியைப் படித்துவிடுங்கள். எத்தனை ரோபோ வேண்டும் என்று தெரியாமல் ஒன்றின் விலையைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது?

கே: சோப்பு, ஷாம்பு, பிஸ்கட் விநியோகம் செய்கிறோம். 9,000 சதுர அடி குடோன், 1,100 அயிட்டம், நாலு பேர் வேலை. கம்ப்யூட்டரில் உள்ள ஸ்டாக்கும் ரேக்கில் உள்ளதும் ஒருநாளும் ஒத்துப்போவதில்லை. ரோபோ வாங்கினால் சரியாகுமா? — வாசகர், மாதவரம்

ப: ஆகாது. ரேக்கில் உண்மையில் என்ன இருக்கிறது என்று ரோபோவுக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் சொன்ன ரேக்கைத் தூக்கி வரும், அவ்வளவுதான். இப்போது கணக்கில் 12, கையில் 11 என்றால் உங்கள் ஆள் பக்கத்து ரேக்கை எட்டிப் பார்த்துச் சமாளித்துவிடுகிறார். ரோபோ ஓடும் பகுதிக்குள் ஆள் போக முடியாது. ஆர்டர் அப்படியே நிற்கும்.

உங்கள் வகைச் சரக்கில் கணக்கு பிசகும் இடங்கள் பெரும்பாலும் இரண்டு. முதலாவது பெட்டி–பீஸ் குழப்பம். 24 பீஸ் கொண்ட பெட்டி, ஆஃபர் சமயத்தில் 20+4 என்று வரும். ஒருவர் 20 என்று ஏற்றுவார், இன்னொருவர் 24 என்று எடுப்பார். இரண்டாவது எம்ஆர்பி. 890-இல் தொடங்கும் 13 இலக்க பார்கோடு பொருள் எது என்பதை மட்டும் சொல்லும். பேட்ச், எக்ஸ்பயரி, விலை எதுவும் அதில் கிடையாது. பழைய 10 ரூபாய் சரக்கும் புது 12 ரூபாய் சரக்கும் ஒரே பார்கோடில் வந்து கலந்துவிடும். அதனால் சரக்கு உள்ளே வரும் இன்வார்டு மேசையிலேயே பெட்டிக்கு உங்கள் சொந்த லேபிள் ஒட்டுங்கள்: அயிட்டம், பேட்ச், எம்ஆர்பி, பெட்டிக்கு எத்தனை பீஸ்.

அடுத்து ஒவ்வொரு இடத்துக்கும் முகவரி. வரிசை, ரேக், தட்டு, பின் (தட்டில் உள்ள சிறு பெட்டி) என்ற ஒழுங்கில் "பி-04-3-2" போல எழுதி, பார்கோடோடு ஒட்டுங்கள். வைக்கும்போதும் எடுக்கும்போதும் முதலில் இடத்தை ஸ்கேன் செய்யவேண்டும், பிறகு பொருளை. வருடக் கடைசியில் குடோனைப் பூட்டிவிட்டு எண்ணும் வழக்கத்தை விட்டு, தினம் கொஞ்சம் எண்ணுங்கள். வேகமாக நகரும் 200 அயிட்டம் மாதம் ஒருமுறை, அடுத்த 300 மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மீதி 600 ஆறு மாதத்துக்கு ஒருமுறை. மாதத்துக்கு 25 வேலை நாள் என்று வைத்தால் தினம் 8+4+4, ஆக 16 அயிட்டம். காலையில் முதல் வண்டி ஏறுவதற்கு முன் ஒருவர் முடித்துவிடலாம். எண்ணியதில் நூற்றுக்கு 99 இடம் மூன்று மாதம் தொடர்ந்து சரியாக வந்தால் அப்போது ரோபோ பற்றி எழுதுங்கள். அதற்குள் தேவையே இல்லை என்று நீங்களே முடிவு செய்தாலும் ஆச்சரியமில்லை.

கே: ஆன்லைன் ஆர்டர் தினம் 1,200 வரை அனுப்புகிறோம், ஒரே ஷிஃப்ட். ஒரு நிறுவனம் 30 ரோபோ வேண்டும் என்கிறது. இன்னொன்று 12 போதும் என்கிறது. யாரை நம்புவது? — வாசகர், ரெட்ஹில்ஸ்

ப: இரண்டு பேரும் கணக்குப் போட்டுத்தான் சொல்லியிருப்பார்கள். கணக்குக்குள் வைத்துக்கொண்ட அனுமானம் வேறு. நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஆர்டருக்குச் சராசரி 3 பொருள்வரி (ஆர்டரில் ஒரு வகைப் பொருளுக்கு ஒரு வரி) என்றால் நாளுக்கு 3,600 வரி. சாப்பாடு, டீ நேரம் போக 7 மணி நேரம். மணிக்கு 514 வரி. இனி முக்கியமான எண்: ஆள் நின்று பொருள் எடுக்கும் ஸ்டேஷனுக்கு ஒரு ரேக் ஒருமுறை வந்தால் அதிலிருந்து எத்தனை வரி எடுக்கிறீர்கள்? 1.5 என்று வைத்தால் மணிக்கு 343 நடை (ரேக் வந்து திரும்பிப் போவது ஒரு நடை). ஒரு நடைக்கு ரோபோ ரேக்கின் அடியில் போய்ச் சேர 20 விநாடி, தூக்கி ஸ்டேஷனுக்கு வர 45, வரிசையில் நின்று எடுத்துக்கொடுக்க 40, திருப்பி வைக்க 45. ஆக 150 விநாடி. மணிக்கு 24 நடை. 343-ஐ 24-ஆல் வகுத்தால் 14.3. சார்ஜ், பழுது இரண்டுக்கும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு போகும், 0.8-ஆல் வகுத்தால் 17.9. ஆக 18 ரோபோ. ஒருவர் மணிக்கு 150 வரி எடுப்பார் என்றால் ஸ்டேஷன் 4.

இப்போது பாருங்கள். நடைக்கு ஒரே வரி என்று வைத்தால் 27 ரோபோ ஆகிறது. பகலிலேயே இன்வார்டும் நடந்தால் கூட இரண்டு மூன்று, அதுதான் 30. நடைக்கு 2 வரி, சார்ஜே கிடையாது என்று வைத்தால் 11. கிட்டத்தட்ட அதுதான் 12 சொன்னவரின் கணக்கு. இரண்டு பேரிடமும் கடந்த 3 மாத ஆர்டர் ஃபைலைக் கொடுத்து, அதை வைத்தே கம்ப்யூட்டரில் சிமுலேஷன் (மாதிரி ஓட்டம்) ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அவர்களுடைய மாதிரித் தரவில் எல்லாம் அழகாகத்தான் ஓடும்.

நடைக்கு 1.5 என்பதை 2 ஆக்கினால் 18 என்பது 14 ஆகிவிடும். அதற்குக் காசு செலவில்லை. ஒன்றாக விற்பவற்றை ஒரே ரேக்கில் வைத்தால் போதும். இட்லிப் பொடி வாங்குபவர் நல்லெண்ணெயும் வாங்குகிறார். செல்போன் உறை வாங்குபவர் டெம்பர்டு கிளாஸும் வாங்குகிறார். இதைவிட்டு அகரவரிசையில் ரேக் நிரப்பிவிட்டு ரோபோ போதவில்லை என்று புலம்பும் குடோன்கள் உண்டு.

தீபாவளிக்கு 3,000 ஆர்டர் வருமே என்று அதற்கேற்ப வாங்காதீர்கள். இரண்டு ஷிஃப்ட் ஓட்டினால் ஷிஃப்டுக்கு 1,500. ரோபோ 23, ஸ்டேஷன் 5 வேண்டும். கூடுதல் ஐந்தை வாடகைக்கு எடுக்க முடியுமா என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். சரக்கு ஏற்றும் வேலையை இரவுக்குத் தள்ளுங்கள்.

கே: தரையில் ஒட்டிய க்யூஆர் ஸ்டிக்கரைப் படித்து ஓடும் ரோபோக்கள். சில இடங்களில் மட்டும் திரும்பத் திரும்ப நின்றுவிடுகின்றன. — வாசகர், அம்பத்தூர்

ப: எந்த ஸ்டிக்கர் எண்ணில் நிற்கிறது என்று ஒரு வாரப் பதிவை எடுத்து, தரைப்படத்தில் குறியுங்கள். ஒரே ரோபோ பல இடத்தில் நின்றால் கோளாறு ரோபோவில்: அடியில் உள்ள கேமராக் கண்ணாடியில் தூசி, அல்லது தேய்ந்த சக்கரம். பல ரோபோ ஒரே இடத்தில் நின்றால் கோளாறு தரையில்.

இரண்டு ஸ்டிக்கருக்கு நடுவில் ரோபோவுக்குக் கண் கிடையாது. சக்கரம் சுற்றிய அளவையும் கைரோ (திரும்புவதை அளக்கும் கருவி) காட்டும் திசையையும் வைத்துக் குத்துமதிப்பாகத்தான் போகிறது. சிமென்ட் தூசியில் சக்கரம் வழுக்கினால் கணக்கு தப்பி, அடுத்த ஸ்டிக்கர் கேமராவுக்கு வெளியே போய்விடும். உடனே நின்றுவிடும், அப்படித்தான் நிற்கவும் வேண்டும். ஸ்டிக்கரை மாற்றி ஒட்டும்போது ஓரிரு டிகிரி திரும்பினாலும் இதே கதைதான். கையால் ஒட்டாமல் சட்டம் வைத்து ஒட்டுங்கள்.

கான்கிரீட் இணைப்புக் கோடுகளையும் பாருங்கள். சிறிய, கடினமான பாலியூரிதேன் சக்கரம் 500 கிலோ ரேக்கோடு அதே பாதையில் நாளெல்லாம் ஏறி இறங்கினால் ஓரம் உடையும். உடைந்ததைச் சிமென்ட் பூசி மூடினால் ஒரு மாதத்தில் பெயர்ந்துவிடும். ஓரளவு வளைந்துகொடுக்கும் எபாக்சி (ஒருவகைப் பிசின்) ஃபில்லர் போட்டுத் தரையோடு சமமாகச் சீவவேண்டும். 2 மீட்டர் நேர்சட்டம் வைத்து, அடியில் 3 மி.மீ.க்கு மேல் சந்து தெரியும் இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தரையின் எபாக்சிப் பூச்சு கொப்புளித்து ஸ்டிக்கர் உரிந்தால் அடியிலிருந்து ஈரம் ஏறுகிறது. ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் ஷீட்டை வெறும் கான்கிரீட்டில் வைத்து, நாலு ஓரமும் டேப் ஒட்டி 16 மணி நேரம் விடுங்கள். எடுக்கும்போது அடியில் நீர்முத்து இருந்தால், அல்லது கான்கிரீட் கறுத்திருந்தால், புதிய எபாக்சியும் நிற்காது. முதலில் ஈரத்தடுப்புப் பூச்சு.

கே: நூறு ரோபோ ஒன்றோடொன்று முட்டாமல் எப்படி ஓடுகின்றன? — கல்லூரி மாணவி, கிண்டி

ப: ரயில்வே சிக்னல் போல. தரை கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டிருக்கும். போகவேண்டிய அடுத்த சில கட்டங்களை மத்திய மென்பொருளிடம் 'ரிசர்வ்' செய்த பிறகே ரோபோ நகரும். கடந்த கட்டத்தை விடுவிக்கும். சிக்கல் முட்டலைவிட முடங்கலில்தான். நாலு ரோபோ ஒன்றின் கட்டத்துக்காக ஒன்று வட்டமாகக் காத்து நின்றால் யாரும் நகர மாட்டார்கள். அதைத் தவிர்க்கவே சந்துகளை ஒருவழிப் பாதை ஆக்குகிறார்கள். மென்பொருளுக்கு மேல் தனிக் காவலாக ரோபோவின் முன்புறம் லேசர் ஸ்கேனரும் பம்பரும் இருக்கும்.

இந்த 'ரேக்கையே தூக்கி வா' முறையைப் பரப்பியது 2003-இல் தொடங்கிய கிவா சிஸ்டம்ஸ். 2012-இல் அமேசான் அதை 77.5 கோடி டாலருக்கு வாங்கியது. இந்தியாவில் கிரேஆரஞ்ச், ஆட்வெர்ப் ஆகியவை இதே துறையில் இருக்கின்றன. முட்டல் வந்தால் என்ன ஆகும் என்று கேட்டால், இங்கிலாந்தின் எரித் நகரில் 2021 ஜூலையில் ஆன்லைன் மளிகை நிறுவனமான ஒகாடோவின் குடோனில் மூன்று ரோபோ மோதித் தீப்பிடித்தது.

கே: ஆர்எஃப்ஐடி (ரேடியோ அலையால் படிக்கும் லேபிள்) போட்டால் ஸ்கேனே தேவையில்லையாமே? — வாசகர், பூந்தமல்லி

ப: துணிக்கும் செருப்புக்கும் அருமை. ஷாம்பு, எண்ணெய், டப்பா உணவுக்குத் தலைவலி: தண்ணீர் அந்த அலையை விழுங்கும், உலோகம் திருப்பி அடிக்கும். இன்னொரு தொல்லை, கேட்காததையும் படிக்கும். இந்த ரேக்கை எண்ணச் சொன்னால் அடுத்த ரேக்கையும் சேர்த்து எண்ணிவிடும். பெட்டிக்கு ஒன்று ஒட்டி, இன்வார்டு வாசலில் மட்டும் ரீடர் வைத்துப் பாருங்கள்.

கே: காலையில் நன்றாக ஓடுகிறது. சரக்கு இறங்கிய பிறகு கிழக்குப் பக்கம் ரோபோக்கள் 'இணைப்பு இல்லை' என்று நிற்கின்றன. — வாசகர், ஸ்ரீபெரும்புதூர்

ப: கேள்வியிலேயே பதில் இருக்கிறது. உங்கள் வைஃபை அளவீட்டைக் காலி ரேக்கில் எடுத்திருப்பார்கள். ரேக் நிரம்பியதும் சிக்னல் வழி மறைகிறது. நிரம்பிய நாளில், ரோபோவின் ஆன்டெனா இருக்கும் முழங்கால் உயரத்தில் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். எங்கும் சிக்னல் வலிமை மைனஸ் 67 டிபிஎம்முக்குக் கீழே இறங்கக் கூடாது. ரோபோவுக்கு 5 கிகாஹெர்ட்ஸில் தனி நெட்வொர்க், 20 மெகாஹெர்ட்ஸ் அகலம். ஊழியர்களின் செல்போன் அதில் வரவே கூடாது. 52 முதல் 144 வரையான சேனல்களை விடுங்கள், ரேடார் இருப்பதாகச் சந்தேகப்பட்டாலே வைஃபை கருவி அந்தச் சேனலை விட்டு ஓடிவிடும். ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்கு ரோபோ மாறும் தாமதத்தையும் சோதியுங்கள். சில நேரம் சிக்னல் குறைவாக இருக்காது; தேய்ந்துபோன பழைய இணைப்பை ரோபோ விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்.

கே: மே மாதம் பேட்டரி ஏறமாட்டேன் என்கிறது. டிசம்பரில் தண்ணீர் வருமோ என்று பயம். — வாசகர், பொன்னேரி

ப: இந்த ரோபோக்களில் பரவலாக உள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியின் செல் வெப்பம் பொதுவாக 45 டிகிரியைத் தாண்டினால் சார்ஜை அதன் கட்டுப்பாட்டுப் பலகையே நிறுத்திவிடும். தகரக் கூரையின் கீழ், மேற்குச் சுவரை ஒட்டிச் சார்ஜர் வைத்தால் பிற்பகல் 3 மணிக்கு இதுதான் நடக்கும். சார்ஜரை நிழலான பக்கம் மாற்றி, பெரிய ஃபேன் போடுங்கள். இடைவேளைகளில் பத்துப் பத்து நிமிடம் ஏற்றுவது நல்லது, ஆனால் வாரம் ஒருமுறை முழுதாக 100 வரை ஏற்றுங்கள். இவ்வகை பேட்டரியில் மின்னழுத்தம் ஏறக்குறைய சமமாகவே இருப்பதால், முழு சார்ஜ் இல்லாவிட்டால் 'எவ்வளவு மிச்சம்' என்ற கணக்கு மெல்லப் பொய்யாகும். 30 சதவீதம் காட்டிக்கொண்டே ரோபோ நடுச்சந்தில் உயிரை விடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது சென்னை பட்ட பாடு தெரிந்ததே. சார்ஜரின் தொடுமுனை ரோபோவின் உயரத்தில்தான் இருக்கமுடியும். மின்பெட்டியைச் சுவரில் ஒரு மீட்டருக்கு மேல் ஏற்றிவிடலாம். புயல் எச்சரிக்கை வந்தால் ரோபோக்களை மெசனைன் (இடைத்தட்டு) தளத்துக்கு ஏற்ற ஒரு சாய்வுப்பலகையை இப்போதே செய்து வையுங்கள். கீழ்த்தட்டில் அரிசி, காகிதம் போன்றவை வேண்டாம். தண்ணீர் புகுந்த ரோபோவை வெயிலில் காயவைத்து ஆன் செய்வதுதான் மிக ஆபத்தான வேலை: உள்ளே ஷார்ட் ஆகி, சில நாள் கழித்துக்கூட எரியலாம். கட்டடத்துக்கு வெளியே, ஒன்றுக்கொன்று தள்ளி வைத்துவிட்டுத் தயாரிப்பாளரை அழையுங்கள்.

கே: ரோபோ வந்த பிறகு நடை மிச்சம். ஆனால் நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்று எடுப்பதில் தோள் விட்டுப்போகிறது. — தொழிலாளி, கும்மிடிப்பூண்டி

ப: உங்கள் வலி நிஜம். முன்பு நடக்கும் நேரமே உங்களுக்கு ஓய்வாக இருந்தது. இப்போது ஒரு ரேக் போனால் அடுத்தது நிற்கிறது. சூப்பர்வைசரிடம் குறிப்பாக இவற்றைக் கேளுங்கள். வேகமாக நகரும் பொருளும் 10 கிலோவுக்கு மேற்பட்டதும் இடுப்பிலிருந்து நெஞ்சு உயரத் தட்டுகளில் இருக்கவேண்டும். மென்பொருளில் இது ஒரு செட்டிங், அரைநாள் வேலை. மேல்தட்டுக்குப் படிமேடை, நிற்க ரப்பர் பாய். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுப்பவரும் பேக் செய்பவரும் இடம் மாறவேண்டும். ரேக் வரும் வேகம் கடவுள் விதித்ததில்லை, திரையில் மாற்றக்கூடிய ஒரு எண்.

ரேக்கிலிருந்து பொருள் கீழே விழுந்தால் எட்டிக் காலை வைத்து எடுக்காதீர்கள். ரோபோ உங்களைப் பார்த்து நின்றாலும், அதன் மேலுள்ள 500 கிலோ ரேக் ஆடும். அந்தப் பகுதியின் நிறுத்து பொத்தானை அழுத்தி, கதவைத் திறந்து, எல்லாம் நின்றதைத் திரையில் பார்த்துவிட்டுப் போங்கள். ஒரு பிஸ்கட் பாக்கெட்டுக்காக லைனை நிறுத்தினாய் என்று யாராவது சத்தம் போட்டால், இந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் காட்டுங்கள்.