ஓடையில் கிடைத்த கூர்க்கல் அம்புமுனைதானா?

அமெரிக்காவில் டென்னசி, டெக்சாஸ் பக்கத்து ஓடைகளில் பொறுக்கிய கல் பழங்குடிகளின் அம்புமுனையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கூர்மையை மட்டும் நம்பாதீர்கள். தானாக உடைந்த கல்லும் கூராகத்தான் இருக்கும். விளிம்பைப் பாருங்கள். மனிதக் கை பட்டதென்றால் இரண்டு முகத்திலும், கிளிஞ்சல் உட்புறம் போலக் குழிந்த சின்னச் சின்னச் செதில் தடங்கள் வரிசையாக இருக்கும். அடியில் தண்டோடு வைத்துக் கட்ட இரு பக்கமும் வெட்டு இருந்தால் அநேகமாகச் சந்தேகமில்லை. வெள்ளத்தில் உருண்டதென்றால் இந்தத் தடங்களே மழுங்கி, கரைந்த சோப்பு போல வழவழப்பாகிவிடும்.

அப்புறம், விரல் நீளத்துக்கு இருந்தால் அது பெரும்பாலும் ஈட்டிமுனை. வில் அங்கே வந்ததே பிற்பாடுதான். சுமார் 13,000 ஆண்டு பழைய க்ளோவிஸ் என்ற ஈட்டிமுனை வகையில் அடியிலிருந்து மேல்நோக்கி ஒரு பள்ளம் ஓடும், கிடைப்பது அபூர்வம். தேசியப் பூங்காவுக்குள் கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள், சட்டவிரோதம்.