டிரிப்பர் அடைப்புக்கு 1000 லிட்டருக்கு எவ்வளவு ஆசிட்?

கேள்வி: உடுமலை பக்கம் 3 ஏக்கர் தென்னைங்க, போர் தண்ணி. சொட்டு நீர்ப் பாசன டிரிப்பர் வாயில வெள்ளையா உப்பு கட்டிக்கிட்டு சொட்டவே மாட்டேங்குது. ஹைட்ரோகுளோரிக் ஆசிட் விடலாம்னா கடைக்காரர் 1000 லிட்டருக்கு 2 லிட்டர்ங்கறார், பக்கத்து தோட்டத்துக்காரர் அரை லிட்டர் போதும்ங்கறார். யார் சொல்றதைக் கேக்கறதுங்க?

பதில்: வணக்கங்க. ரெண்டு பேர் கணக்கையும் கேக்காதீங்க, அளவை உங்க தண்ணிதான் சொல்லணும்.

முதல்ல ஒரு டிரிப்பரைக் கழட்டி அந்த வெள்ளையைச் சுரண்டி பிளாஸ்டிக் மூடியில போட்டு ரெண்டு சொட்டு ஆசிட் விட்டுப் பாருங்க. பொசபொசன்னு நுரைச்சுக் கரைஞ்சா சுண்ணாம்பு, ஆசிட் வேலை செய்யும். நுரைக்காம வழவழன்னு கிடந்தா பாசி, அதுக்கு குளோரின் தான், ஆசிட்டுக்கு காசு போடாதீங்க.

சுண்ணாம்புதான்னா பிளஸ் டூ லேப்ல பியூரெட்ல, அதான் அளவு போட்ட கண்ணாடிக் குழாய்ல, சொட்டு சொட்டா விட்டு கலர் மாறுற இடத்துல நிறுத்துவோமே, டைட்ரேஷன், அதையே தோட்டத்துல பக்கெட்ல பண்ணுங்க. மோட்டாரை 10 நிமிஷம் ஓட விட்டு பிளாஸ்டிக் பக்கெட்ல சரியா 10 லிட்டர் பிடிங்க, ஊசி இல்லாத சிரிஞ்ச்ல உங்க கேன் ஆசிட்டையே எடுத்து 1 மில்லி விட்டு பிளாஸ்டிக் குச்சியால கலக்கி, ரெண்டு நிமிஷம் கழிச்சு பிஎச் பேப்பர் (புளிப்பைக் கலர்ல காட்டற பேப்பர், எண் குறையக் குறைய புளிப்பு அதிகம்) நனைச்சுப் பாருங்க, திரும்ப 1 மில்லி, இப்படியே போங்க. ஆரம்பத்துல 7, 6.5ன்னு மெதுவாத்தான் இறங்கும், என்னடா ஆசிட் வேலையே செய்யலையேன்னு அவசரப்பட்டு மொத்தமா ஊத்திடாதீங்க, தண்ணியில இருக்கற பைகார்பனேட் தான் அந்த ஆசிட்டை வாங்கிக்குது. அது தீர்ந்ததும் ஒரே இறக்கமா 5, 4ன்னு விழும், அதனால 6-க்கு கீழ வந்ததும் அரை அரை மில்லியா விடுங்க. பிஎச் 4 வந்த இடத்துல நிறுத்தி எத்தனை மில்லி ஆச்சுன்னு பாத்து 100 ஆல பெருக்குங்க, 1000 லிட்டருக்கு உண்டான அளவு அதுதான். 6 மில்லி ஆச்சுன்னா 600 மில்லி.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், கேன் ஆசிட் எத்தனை சதவீதம்னு கூட தெரிய வேண்டியதில்லை. 33 சதவீத ஹைட்ரோகுளோரிக்னு லேபிள் இருக்கும், மூடி சரியில்லாம நாளாக நாளாக புகைஞ்சு வீரியம் குறைஞ்சிருக்கும், அதுவும் சேர்ந்தே இந்த டெஸ்ட்ல வந்துடுது. ஆசிட்டோட பலத்தை மட்டும் தனியா தெரிஞ்சுக்கணும்னா லேப்ல 10 மில்லியை 1 லிட்டரா கரைச்சு, அதுல 10 மில்லி எடுத்து பினாப்தலீன்ங்கற கலர் காட்டற மருந்து விட்டு 0.1 நார்மல் (வீரியத்தைச் சொல்ற அளவு) காஸ்டிக் சோடாவால இளஞ்சிவப்பு நிக்கற வரைக்கும் பாப்பாங்க, எத்தனை மில்லி ஆகுதோ அதுவே உங்க ஆசிட்டோட நார்மாலிட்டி. நல்ல 33 சதவீதம்னா பத்தரை கிட்ட வரும்.

600 மில்லி போதுமான தண்ணிக்கு கடைக்காரர் சொன்ன 2 லிட்டரை விட்டீங்கன்னா பிஎச் 2-க்கும் கீழ போயிடும், வால்வு, ஃபில்டர்ல இரும்பு எதாவது இருந்தா அரிச்சுடும்ங்க.

விடும்போது கிளவுஸ், கண்ணாடி போட்டு காத்துக்கு முதுகு காட்டி நில்லுங்க. எப்பவும் தண்ணியில தான் ஆசிட்டை ஊத்தணும், ஆசிட்ல தண்ணி ஊத்தவே கூடாது. பிளீச்சிங் பவுடர் வச்சிருந்த வாளி, டிரம் பக்கமே கொண்டு போகாதீங்க, குளோரின் வாயு கிளம்பி மூச்சு அடைச்சுடும், சத்தியமா விளையாட்டு இல்லைங்க. வென்சுரில (குழாய் தண்ணியில உரம், ஆசிட்டை இழுத்து விடற கருவி) விட்டு கடைசி டிரிப்பர்ல பிஎச் 4 காட்டினதும் மோட்டாரை நிறுத்தி 24 மணி நேரம் அப்படியே விட்டுடுங்க, மறுநாள் லேட்டரல், அதான் டிரிப்பர் மாட்டின சின்ன குழாய், கடைசி மூடியெல்லாம் திறந்து தெளிஞ்ச தண்ணி வர்ற வரைக்கும் ஓட்டுங்க.

கோடையில போர் மட்டம் இறங்கினா தண்ணியும் மாறும், புது கேன் உடைச்சாலும் அளவு மாறும், அப்பல்லாம் ஒரு பக்கெட் பிடிச்சு திரும்ப பாத்துக்கங்க.