பூச்சி உணவு: லேபிளில் எதைத் தேடுவது, யாருக்கு ஆகாது?

கே: சிங்கப்பூரில் பூச்சி சாப்பிட அனுமதி வந்துவிட்டதாமே. வயலில் பிடித்ததையும் விற்பார்களா?

விற்க முடியாது. சிங்கப்பூர் உணவு முகமை 2024 ஜூலையில் 16 இனங்களை அனுமதித்தது. சில்வண்டு, வெட்டுக்கிளி, மாவுப்புழு, பட்டுப்புழு எல்லாம் அதில் உண்டு. ஆனால் பண்ணையில் வளர்த்தவை மட்டுமே. இந்தக் கெடுபிடி தேவைதான். கலிபோர்னியாவின் மான்டரே வட்டாரத்தில் பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியது ஏன் என்று துருவியபோது, மெக்சிகோவின் ஓஹாகாவிலிருந்து வந்த, வயலில் பிடித்து வறுத்த வெட்டுக்கிளியும் மாட்டியது.

கே: எனக்கு இறால் ஒத்துக்கொள்ளாது. நன்றாக வறுத்தால் பூச்சி சாப்பிடலாமா?

வேண்டாம். ஒரு வாய்கூட வேண்டாம். இறால், நண்டு ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் காரணம் டிரோபோமயோசின் என்ற தசைப் புரதம். பூச்சியிலும் ஏறக்குறைய அதே புரதம்தான் இருக்கிறது. வேகவைத்தாலும் வறுத்தாலும் அது அழியாது. வீட்டுத் தூசியில் வாழும் சிற்றுண்ணிகளால் தும்மல், இழுப்பு வருபவர்களுக்கும் இதே எச்சரிக்கை. இறாலே தொடாத சைவர்கள் பலர் இந்த இரண்டாவது வகையில் வருவார்கள், தங்களுக்கு ஆபத்தில்லை என்றும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஐரோப்பாவில் சில்வண்டுப் பொடி கலந்த பாக்கெட்டில் இந்த எச்சரிக்கையை, சேர்மானப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும்.

கே: ஜெர்மனியில் ரொட்டியில் பூச்சிப் பொடியைச் சொல்லாமலே கலக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

கலந்தால் சொல்லியாக வேண்டும். ஆனால் லத்தீன் பெயர் தெரிந்திருந்தால்தான் சட்டென்று கண்ணில் படும். அகீட்டா டொமெஸ்டிகஸ் என்றால் சில்வண்டு. டெனெப்ரியோ மோலிட்டார் மஞ்சள் மாவுப்புழு. 2021இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் முதலில் அனுமதி பெற்றது இதுதான். லோகஸ்டா மைக்ரடோரியா வெட்டுக்கிளி, ஆல்ஃபிடோபியஸ் டயபெரினஸ் சிறு மாவுப்புழு. அளவுக்கும் வரம்பு உண்டு. 2025இல் அனுமதித்த, புற ஊதா ஒளி காட்டிய மாவுப்புழுப் பொடியை 100 கிராம் ரொட்டியில் 4 கிராமுக்கு மேல் சேர்க்கக்கூடாது. தவிர, இது கோதுமை மாவைவிடப் பல மடங்கு விலை. யாரும் திருட்டுத்தனமாகக் கொட்டமாட்டார்கள்.

கே: பூச்சிப் பொடி பாக்கெட்டில் 60% புரதம் என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?

கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். ஆய்வகத்தில் நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கி அதைப் புரதம் என்று எழுதுகிறார்கள். பூச்சியின் ஓட்டிலுள்ள கைட்டினிலும் நைட்ரஜன் உண்டு, அது புரதமல்ல. மாவுப்புழுவுக்கு 4.76ஆல் பெருக்குவதே சரி என்று கண்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கில் 60 என்பது 46க்குக் கீழே இறங்கிவிடும். அதுவும் நல்ல அளவுதான், பாக்கெட் சொல்லும் அளவு இல்லை.

கே: நாங்கள் சுத்த சைவம். எங்களுக்கு இதில் கவலைப்பட ஒன்றுமில்லையே?

ஸ்ட்ராபெரி தயிர், சிவப்பு மிட்டாய், லிப்ஸ்டிக் எதிலாவது கார்மைன் அல்லது இ120 என்று இருந்தால் அது கொச்சினீல் பூச்சியை உலர்த்தி எடுத்த சாயம். உலர்ந்த பூச்சி ஒரு கிலோவுக்கு ஒன்றரை லட்சம் உருப்படி ஆகும். அரிதாகக் கடும் ஒவ்வாமையும் வந்திருப்பதால், பெயரைச் சொல்லாமல் விடக்கூடாது என்று அமெரிக்கா 2011 முதல் கட்டாயமாக்கியது. இ904 என்றால் ஷெல்லாக். நம் அரக்குதான், அதுவும் பூச்சி சுரப்பது, மிட்டாயின் பளபளப்புக்குப் பூசுவது. இந்திய லேபிள் விதியில் தேனைப் போலவே அரக்கும் அசைவக் கணக்கில் வராது. பச்சைப் புள்ளியோடே வரும். புள்ளியை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது.

கே: உறைந்த சில்வண்டு 200 கிராம் வாங்கினேன். எப்படிச் சமைப்பது?

ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருக விடுங்கள், மேசைமேல் வேண்டாம். அலசி, காலையும் சிறகையும் கிள்ளி எறியுங்கள். முள்ளுள்ள கால் தொண்டையில் குத்தும். வெட்டுக்கிளியைக் காலோடு நிறையத் தின்றவர்களுக்குக் குடலில் அடைப்பே வந்திருக்கிறது. தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் 5 நிமிடம் போட்டு வடித்து, ஈரம் துடைத்து, சிறுதீயில் மொறுமொறுப்பாகும்வரை வறுக்கவும்.

மிச்சத்தை வெளியே வைக்காதீர்கள். கொதிநீர் பெரும்பாலான கிருமிகளைக் கொல்லும், பேசில்லஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகளைக் கொல்லாது. சோற்றை வெளியே விட்டால் வரும் அதே வம்பு. சமைக்கும் முன்பே கெட்டுப்போனதில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் சேர்ந்திருக்கும். எண்ணெயில் பொரித்தாலும் அது போகாது. தாய்லாந்தில் பொரித்த பூச்சி தின்று முகம் சிவந்து, அரிப்பெடுத்து மருத்துவமனைக்குப் போனவர்கள் கதை இதுதான்.

கே: சப்பாத்தி மாவில் பூச்சிப் பொடி எவ்வளவு சேர்க்கலாம்?

100 கிராம் மாவுக்கு 5 கிராமில் தொடங்குங்கள், 10ஐத் தாண்ட வேண்டாம். பொடியில் மாவைப் பிணைக்கும் குளுட்டன் இல்லை. கூடினால் தேய்க்கும்போதே விளிம்பு பிளக்கும். கொழுப்பு எடுக்காத பொடி என்றால் காற்றுப் புகாமல் ஃப்ரீசரில் வையுங்கள். சிக்கெண்ணெய் வாடை வந்தால் குப்பைக்குத்தான்.